சக்கரத்தைப் பார்த்து நின்றவர்

காலில் பந்து இருந்தது. எதிரே கோல் திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் என் கணவர் அசையாமல் நின்றுவிட்டது சரியா, தவறா?

நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. குழாயடியில் குடம் நிறையும்வரை காத்திருக்கும்போதும், கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போதும் இந்தக் கேள்வியைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் அவர் நின்றது சரி என்று தோன்றுகிறது. மாலையில் அடுப்பை அணைக்கும்போது தவறு என்று தோன்றுகிறது. இரண்டுமே நிச்சயமாகத்தான் தோன்றுகின்றன. அதுதான் என் கஷ்டம்.

நாங்கள் கோலார் தங்கவயலில் நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருக்கிறோம். நான் வேலூரில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, இங்கே மருமகளாக வந்தவள். மூத்தவள் பெண், மூன்று வயது. இளையவன் இன்னும் தவழவில்லை. அடுத்த வீட்டில் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அவர்கள் வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும்.

இங்கே ஒவ்வொரு மைனுக்கும் ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. நன்றாக விளையாடுகிறவனை மைனில் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். எடுத்தாலும் கீழே சுரங்கத்துக்குள் அனுப்பமாட்டார்கள். ஸ்டோரிலோ ஒர்க்‌ஷாப்பிலோ மேல் வேலை கொடுப்பார்கள். கால் ஓடுகிறவரைக்கும் மேல் வேலை. கால் ஓயும்போது மற்றவர்களைப்போலக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகவேண்டியதுதான். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் எங்கள் லைனில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

என் கணவர் அப்படி மேல் வேலைக்கு எடுக்கப்பட்டவர். அவருடைய அப்பா கீழே வேலை செய்து நெஞ்சில் தூசி அடைத்து இறந்தார். அண்ணன், தம்பி இருவரில் ஒருவர் உடனே வேலைக்குப் போகவேண்டிய நிலை. தம்பி காலில் பந்து நன்றாக நிற்கிறது என்று சொல்லிவிட்டு அண்ணன் கீழே இறங்கினார். இன்றுவரை கீழேதான் இருக்கிறார். தம்பி வளர்ந்து, டீமில் முன்வரிசை ஆட்டக்காரராகி, பேர் வாங்கினார்.

அவருடைய பேர் எல்லாம் பந்தை வாங்குவதில்தான். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. சரளைக்கல். பந்து எங்கே விழுந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்லமுடியாது. பின்னாலிருந்து ஒருவர் ஓங்கி உதைத்து அனுப்பும் பந்தை அவர் நெஞ்சிலோ தொடையிலோ ஏந்திக் காலடிக்கு இறக்கும்போது, அது வீட்டுக்கு வந்த பூனை மாதிரி அங்கேயே நிற்கும். "அவரு கால்ல பசை கீதுப்பா" என்பார்கள்.

இப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. வேறெந்த வேலையில் இருந்தாலும் இளைஞர் என்பார்கள். மைதானத்தில் "பெருசு" என்கிறார்கள். மேட்ச் முடிந்து வந்தால் வலது முழங்கால் வீங்கியிருக்கும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். அப்போது கதவைச் சாத்தச் சொல்வார். பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தால் லைனில் வேறுவிதமாகக் கேலி செய்வார்கள். கேலி போகட்டும், முழங்கால் வெளியே தெரியக்கூடாது என்பார்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீம் செக்ரட்டரி வீட்டுக்கு வந்தார். ஆபீசில் கிளார்க். டீமுக்கு ஆள் சேர்ப்பது, மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"தங்கச்சி, ஒரு டீ போடும்மா. நல்ல சேதி கொண்ணாந்துகீறேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

பெங்களூரில் ஒரு பெரிய ஃபேக்டரி. அவர்கள் டீமுக்கு முன்னால் நின்று பந்து வாங்க ஆள் வேண்டுமாம். எங்கள் டீமுக்குப் பின்னால் தடுத்து ஆட ஆள் இல்லை. அவர்களிடம் அப்படி ஒரு இளைஞன் இருக்கிறானாம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீம்காரர்களும் பேசிவிட்டார்கள்.

"ஆளுக்கு ஆளு. அவன் இங்க வர்றான், நீ அங்க போற. உனக்கு ஃபேக்டரில பர்மனென்ட் வேலை. குவார்ட்டர்ஸ் உண்டு. ஆட்டம் நின்னாலும் வேலை நிக்காது" என்றார் செக்ரட்டரி.

"இன்னாண்ணே இது, மாட்டுச் சந்தையா?" என்றார் என் கணவர்.

"மாடுன்னா பல்லப் புடிச்சுப் பாப்பாங்க. உனக்கு ஒரு மேட்ச் வெச்சுத்தான் பாக்கப் போறாங்க. மருவாதி இல்லியா அது?"

மூவரும் சிரித்துவிட்டோம். டீயைக் குடித்து முடித்ததும் செக்ரட்டரி குரலைத் தாழ்த்தினார். "இந்த வருசம் உன்னக் கேக்குறாங்க. அடுத்த வருசமும் கேப்பாங்கன்னு நான் சொல்லமாட்டேன். கேக்கும்போதே போயிடணும். இன்னா தங்கச்சி, நீயாவது சொல்லு."

நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? கேஜ் வேண்டாம், நெஞ்சில் தூசி வேண்டாம், வீட்டுக்கு அடியில் பூமி நடுங்க வேண்டாம். குழந்தைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். வேறென்ன வேண்டும்?

அவர் மூங்கில் தட்டியைப் பார்த்தார். பிறகு, "அண்ணன் கீழ கீறாரு, நான் மேல கீறேன். அவர வுட்டுட்டு எப்படிமே போறது?" என்றார்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "போடா டேய். டெய்லி உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு இன்னா தங்கமா கெடைக்குது?"

அக்கா, அதாவது என் ஓரகத்தி, அவரை அதட்டுவது கேட்டது. அதற்குப் பிறகு என் கணவர், "சரிமே, ஆடிக் காட்டுறேன்" என்றார். நான் வற்புறுத்தினேனா, அவராகவே ஒப்புக்கொண்டாரா என்று இப்போது யோசித்தால் புரியவில்லை.

மேட்ச் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. பெங்களூர் ஃபேக்டரி டீம் வெளுத்த சட்டைகளுடன் பஸ்ஸில் வந்து இறங்கியது. கூட வந்த மேனேஜருக்கு நாற்காலி போட்டு, மேலே ஒரு துணிப்பந்தலும் கட்டியிருந்தார்கள். காற்றில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைட் மேட்டின் வெள்ளைத் தூசி பறந்துகொண்டிருந்தது. பொட்டலத்தில் வேர்க்கடலையுடன் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மடியில் கைக்குழந்தை. பெரியவள் அக்காவின் மடியில். அண்ணனுக்கு அன்று பகல் ஷிஃப்ட். கிளம்பும்போது, "நான் மேல வர்றதுக்குள்ள நாலு கோல் அடிச்சு வெய்யிடா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாற்றிக்கொள்ளப் பேசியிருந்தார்களே, அந்த இளைஞன்தான் என் கணவரைத் தடுத்து ஆடினான். கட்டான உடம்பு. காற்றைப்போல ஓடினான். ஆரம்பத்தில் என் கணவரால் அவனைத் தாண்ட முடியவே இல்லை. ஓடித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் வலது காலை ஒரு கணம் தாமதித்து ஊன்றுவதை நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்திருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன்.

"யோவ் பெருசு, பஸ்ஸு போயிடப் போவுது, ஓடு!" என்று எங்கள் ஆட்களில் ஒருவரே கத்தினார்.

"பெருசு இன்னாத்துக்கு ஓடணும்? பந்து அவரத் தேடிக்கினு வரும், பாரு" என்றார் இன்னொருவர்.

ஃபேக்டரி டீம் முதலில் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு இரண்டாமவர் சொன்னபடியே நடந்தது. உயரத்திலிருந்து வந்த பந்தை என் கணவர் நெஞ்சில் வாங்கினார். அந்த இளைஞன் இடதுபுறம் பாய்ந்தான். இவர் ஓடவே இல்லை. நின்ற இடத்திலேயே உடம்பை மட்டும் திருப்பி, பந்தைக் கோலுக்குள் தள்ளிவிட்டார். மைதானம் அலறியது. மேனேஜர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பெங்களூர் வீட்டில் துணி காயப்போடக் கொடி கட்ட இடம் இருக்குமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். சமமாக நிற்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு நீளமான உதை. பந்து அந்த இளைஞனின் தலைக்கு மேலாகப் போய் என் கணவரின் தொடையில் இறங்கிக் காலடியில் நின்றது. முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

அப்போது பூமி நடுங்கியது.

ஏர் பிளாஸ்ட் என்று இங்கே சொல்வார்கள். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மேலே நமக்குக் காலடியில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முட்டி நின்றதுபோல இருக்கும். பொட்டலத்தில் கடலை குதித்தது. வீடுகளில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

தங்கவயல்காரர்கள் இந்த நேரத்தில் தரையைப் பார்க்கமாட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் உச்சியில் இருக்கும் பெரிய சக்கரத்தைப் பார்ப்பார்கள். கேஜை ஏற்றி இறக்கும் சக்கரம் அது. அது சுற்றிக்கொண்டிருந்தால் மூச்சு விடுவார்கள். நின்றிருந்தால் ஓடுவார்கள். நான் வேலூர்க்காரி, எனக்கே கழுத்து தானாகத் திரும்பியது.

சக்கரம் நின்றிருந்தது.

மைதானத்தில் எங்கள் பதினோரு பேரும் அப்படியே நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோல்கீப்பர் பார்த்தார். எங்கள் மைன் ஆளான ரெஃபரி விசிலை வாயில் வைத்தபடியே, ஊதாமல் பார்த்தார். என் கணவர் காலடியில் பந்துடன், கோலுக்கு முதுகைக் காட்டி, கண்களுக்கு மேல் கையை வைத்துச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபேக்டரி கோல்கீப்பர் பயந்துபோய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கோலில் யாரும் இல்லை. பந்தைச் சற்றுத் தட்டினால் போதும். நான்கூடத் தட்டியிருப்பேன்.

முதலில் சுதாரித்துக்கொண்டவன் அந்த இளைஞன்தான். அவர் காலடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, மரங்களைப்போல நின்றவர்களுக்கு நடுவே மைதானம் முழுவதும் ஓடிப்போய்க் கோல் போட்டான். ஃபேக்டரி ஆட்கள் மட்டும் குதித்தார்கள். எங்கள் ஜனம் அதற்குள் ஷாஃப்ட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நானும் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு, பெரியவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அக்காவுக்குப் பின்னால் ஓடினேன்.

சுரங்கத்தின் கேட் வாசலில் எல்லோரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வளையல் பதிந்து வலித்தது. விடச் சொல்லத் தோன்றவில்லை. என் கணவர் கம்பிக்கு அருகில் பூட்ஸ் காலுடன் நின்றார். மைதானத்தில் மறைத்துவைத்திருந்த நொண்டல் இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

சக்கரம் அசைந்தது. மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. கேஜ் மேலே வந்தது. ஆட்கள் முகமெல்லாம் மண்ணாக இறங்கினார்கள். பிளாஸ்ட் வேறொரு லெவலில், ஆள் இல்லாத இடத்தில் நடந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை.

மூன்றாவது தடவை கேஜ் வந்தபோது அண்ணன் இறங்கினார். தம்பியைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார்.

"மேட்ச் இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுக்கு ரெண்டு. தோத்துட்டோம்ணா."

"எப்படிடா?"

பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டு சொன்னார். "கால்ல பந்து, கோலு காலி. உன் தம்பி பந்த வுட்டுட்டு சக்கரத்தப் பாத்துக்கினு நின்னுகீறாரு."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி! கோல அடிச்சுட்டுப் பாக்கறதுதானே! அதுக்குள்ள நான் இன்னா பறந்தா போயிடுவேன்?"

வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பயந்து முடித்தவர்களின் சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா மெதுவாக என்னிடம், "உன் வூட்டுக்காரரு நின்னாரே, அத நான் மறக்கமாட்டேன்மே" என்றார். வீட்டில் காட்டலாம் என்றுதான் கணவர்மேல் இருந்த கோபத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தேன். அக்கா சொன்ன பிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் செக்ரட்டரி வந்தார். இந்த முறை டீ கேட்கவில்லை.

"ஆளுக்கு ஆளு ஒத்துவராதுன்றாங்க. அவனத் தரமாட்டாங்களாம்" என்றார்.

"அப்ப முடிஞ்சுபோச்சா?" என்றார் என் கணவர்.

"முடியல. நீ வர்றதுன்னா வரலாமாம். பதிலுக்கு நமக்கு ஒண்ணும் கெடயாது. ஒரு சீசன் வெச்சுப் பாப்பாங்க. டெம்பரரி. குவார்ட்டர்ஸ் இல்ல."

"பூமி நடுங்கினதாலதான் நின்னாருன்னு நீங்க சொல்லலையா?" என்று கேட்டேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று அடக்க முடியவில்லை.

"சொன்னேன் தங்கச்சி. சொல்லாம இருப்பனா? அதுக்கு அந்த மேனேஜரு, 'எங்க ஆளு காலுக்குக் கீழயும்தானே நடுங்கிச்சு? அவன் பந்த எடுத்தானே'ன்னாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

 அவன் காலுக்குக் கீழே அண்ணன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பந்துக்குப் பணம் போடுகிறவருக்கு அது பதிலாகுமா?

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப போன வாரம் நான் ஒரு ஆளு. இந்த வாரம் சும்மா" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். செக்ரட்டரி எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

"இங்க இந்த வருசம் உன் எடம் கீது. அதுக்கு நான் கியாரன்டி. அதுக்கப்புறம் முழங்கால் விசயம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன்."

இப்போது எங்கள் முன்னால் இருப்பது இதுதான். பெங்களூர் போனால் இங்கே வேலையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு சீசன் முடிந்து அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பி வர வேலையும் இல்லை, வீடும் இல்லை. இங்கேயே இருந்தால் இந்த வருடம் மேல் வேலை. அடுத்த வருடம், அல்லது அதற்கடுத்த வருடம், கேஜ். எத்தனை தடவை மாற்றி மாற்றி யோசித்தாலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன.

அண்ணன், போ என்கிறார். "நீ கீழ எறங்கினா நான் உங்கூடப் பேசமாட்டேன். உன்ன மேல வெக்கிறதுக்குத்தான் நான் எறங்கினேன்" என்று தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். நேருக்கு நேர் சொல்லவில்லை. அக்காவோ என்னைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். நாங்கள் போய்விட்டால், அடுத்த தடவை கேட் வாசலில் அவர் யாருடைய மணிக்கட்டைப் பிடிப்பார்?

என் கணவரோ, "நீ படிச்சவ. நீ இன்னா சொல்றியோ அதான்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, அவரால் தாங்க முடியாததை என் தலையில் இறக்கிவைத்தார் என்பதா? படித்த பாடங்களில் இதற்கு விடை இருந்ததாக நினைவில்லை. சில நாட்கள், அன்று அவர் அந்த இளைஞனைப்போல ஒரு கணம் கல்மனசாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைக்கிறேன். அடுத்த கணமே, அப்படிப்பட்டவர் என் குழந்தைகளுக்கு அப்பாவாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் மறுபடியும் நடுங்கியது. சின்ன நடுக்கம்தான். அலமாரியிலிருந்து ஒரு தட்டு விழுந்தது. நான் கைக்குழந்தையை எடுப்பதற்குள் பெரியவள் வாசலுக்கு ஓடிவிட்டாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படியில் நின்று, அவளுடைய அப்பாவைப்போலவே கண்களுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சக்கரம் சுத்துதும்மா" என்றாள். சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இவளை இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு சீசனுக்குப் பிறகு இவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தோன்றுகிறது.

சீசன் தொடங்குவதற்குள் செக்ரட்டரிக்குப் பதில் சொல்லவேண்டும். இதைப் படிக்கிறவர்களில், டெம்பரரி என்று சொன்ன வேலையை நம்பிக் குழந்தைகளோடு ஊர் மாறியவர்கள் இருப்பீர்கள். மேலே இருந்த கணவர் கீழே இறங்கிய பிறகும் நிம்மதியாகத் தூங்கக் கற்றுக்கொண்டவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு எப்படி ஆயிற்று என்று உள்ளபடி எழுதுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். நான் அவரைப் போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா?